கேட்டால் சொல்லிவிடுவார்

ஒளித்துவைக்கத் தெரியாத மனுஷி என்று யாரையாவது சொன்னால், கேட்கிறவர்கள் அதை நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ராயபுரத்துக் கடற்கரையை ஒட்டியிருந்த ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையைத் தெரிந்துகொள்ளும் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளன். உதவியாளன் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் சொல்வதை எழுதுவேன், எழுதியதை டைப் அடிப்பேன், அடித்ததைத் தூக்கிக்கொண்டு டிராமில் போவேன். சுதந்திரம் வந்த புதிது. எல்லோருக்கும் எதையாவது சீர்திருத்த வேண்டும் என்ற துடிப்பு. எங்கள் பேராசிரியர் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர், அவருக்குத் துடிப்பு கொஞ்சம் கூடுதல். அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களை நடத்திவந்த கல்வி ஆபீசோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஏழைப் பிள்ளைகள் ஏன் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதில்லை என்று நாங்கள் ஆராய்வோம். பதிலுக்கு ஒரு வருஷம் எங்கள் பயிற்சி மாணவர்கள் இரண்டு பேர் அங்கே வந்து பாடம் நடத்துவார்கள். கடைசியில் பள்ளிக்கு என்ன தேவையோ அதைப் பல்கலைக்கழகமே ஆபீசுக்கு எழுதிவிடும்.

முதல் நாள் பேராசிரியர் இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது டீச்சர் நின்றுகொண்டே கேட்டார். இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்திருந்தார். குட்டையான உருவம், இழுத்துச் செருகிய கைத்தறிப் புடவை, முழங்கை வரை சாக்பீஸ் தூள். பேராசிரியர் பேசி முடித்ததும் டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அஞ்சாங் கிளாசுக்கு எழுதுவீங்களா சார்?”

அந்தப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் நிரந்தரம். ஐந்தாம் வகுப்பு தற்காலிகம். வருஷா வருஷம் ஆபீஸ் பார்த்து நீட்டிக்கும், நீட்டிக்காமலும் விடலாம். ஐந்தாவது உள்ள அடுத்த பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. துறைமுகத்துக் கூட்ஸ் வண்டிகள் நாள் முழுக்க முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும் பாதை அது. கேட் கிடையாது. பையன்கள் வண்டிக்கு அடியில் குனிந்து போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை அந்தப் பக்கம் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். ஐந்தாவது இங்கே இருந்தால் அவர்கள் படிப்பார்கள், இல்லாவிட்டால் நாலாவதோடு மீன் கூடை. விஷயம் அவ்வளவுதான்.

“கட்டாயம் எழுதுவோம். நீங்கள் மட்டும் எங்களுக்கு முழு ஒத்துழைப்புக் கொடுக்க வேண்டும்” என்றார் பேராசிரியர்.

ஒத்துழைப்பு என்றால் அந்த அம்மாளுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். உடனே போய் அலமாரியைத் திறந்து, இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். பதிவேடுகள், உடைந்த சிலேட்டுகள், பிள்ளைகளின் தடுப்பூசிச் சீட்டுகள், தன் சொந்த சர்ட்டிபிகேட்டுகள். நடுவில் ஒரு மெமோவும் இருந்தது. ஆபீசிலிருந்து அவருக்கு வந்த கண்டனக் கடிதம். வேறு யாராக இருந்தாலும் அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பார்கள்.

“இது என்னத்துக்கு வந்தது?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“அதுவா தம்பி? பெஞ்சு காலியா இருந்திச்சுன்னு வந்தது.”

அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் ஒரு பள்ளிக்கூடம் இன்னொன்றுக்குப் பிள்ளைகளை இரவல் கொடுக்கும். இன்றைக்கு உன் பெஞ்சை நான் நிரப்புகிறேன், நாளைக்கு என் பெஞ்சை நீ நிரப்பு. பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர் நல்ல மனதோடு இருபது பிள்ளைகளைத் தலைவாரிப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார். இவர் அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொரி உருண்டை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து, பாதி பெஞ்சு ஏன் காலி என்று கேட்டார்.

“கட்டுமரம் இன்னும் வரலை சார், வந்தா வந்துடுவாங்கன்னேன். எழுதிட்டாரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். “கேட்டா சொல்லிடணும் தம்பி. கேக்காட்டி அவங்க பாடு.”

இந்த வாக்கியத்தை அந்த ஒரு வருஷத்தில் குறைந்தது ஐம்பது தடவையாவது அவர் வாயால் கேட்டிருப்பேன். அதில் பெருமை கிடையாது, போதனையும் கிடையாது. எனக்கு வெந்நீர் ஒத்துக்காது என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

எங்கள் பயிற்சி மாணவர்கள் வந்தார்கள். நன்றாகச் சலவை செய்த சட்டை, கையில் சுருட்டிய படங்கள். முதல் மாதிரிப் பாடம் ‘கடல்’. கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது, நான்தான் டைப் அடித்தேன். பேராசிரியரும் இரண்டு விரிவுரையாளர்களும் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். மாணவர் பலகையில் ஒரு படகு வரைந்து, அதற்குப் பாய் கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அம்புக்குறி போட்டார். நாலாம் வகுப்பில் கன்னியம்மா என்று ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“சார், காத்து அந்தாண்டேர்ந்து அடிச்சா பாயி இப்பிடி நிக்காது. கட்டுமரம் கவுந்துடும்.”

“உட்கார் அம்மா. கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம்.”

“கேள்வி இல்ல சார். கவுந்துடும்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. விரிவுரையாளர் ஒருவர் ‘ஒழுங்கின்மை’ என்று குறித்துக்கொண்டார். பாடம் முடிந்ததும் பேராசிரியர் டீச்சரைப் பார்த்து, எப்படி இருந்தது என்று மரியாதைக்குக் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி என்று ஒரு வகை உண்டு, அதற்கு மரியாதையான பதிலும் உண்டு. அந்த அம்மாளுக்கு அது தெரியாது.

“பொண்ணு சொன்னதுதான் சார் சரி. இந்தப் படத்தைப் பாத்து மரம் விட்டா செத்துப்பூடுவாங்க.”

பேராசிரியர் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் வசதியாகப் போய்விடும்.

கன்னியம்மாவின் அப்பாவையும் ஒருநாள் அங்கே பார்த்தேன். மகளைக் கூட்டிப் போக வந்தவர், வாசலில் வலைக் கயிற்றோடு நின்றார். “டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். இது படிச்சு இன்னா ஆவப்போவுது?”

எங்கள் மாணவர்களாக இருந்தால் கலெக்டர் ஆவாள் என்றிருப்பார்கள். டீச்சர் சொன்னது இதுதான்.

“தெரியாது நைனா. படிச்சாத்தான் தெரியும்.”

அந்த மனிதர் கடகடவென்று சிரித்துவிட்டார். “இது நாயம்” என்று சொல்லி, மகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு டீச்சருடைய உண்மை பலித்தது என்று எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இனி டீச்சர் வைத்திருந்த ஒரு நோட்டுக்கு வருகிறேன்.

காலை பத்துக்கு மணி அடித்துப் பத்து நிமிஷத்துக்குள் வருகைப் பதிவேட்டை மூடிவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதற்குப் பிறகு வருகிற பிள்ளை, வராத பிள்ளை. ஆனால் அந்தக் குப்பத்தில் பத்து மணிக்குக் கட்டுமரங்கள் பாதி கடலில் இருக்கும். அவை கரையேறி, பிள்ளைகள் மீனைக் கூடையில் அள்ளிக் கொடுத்து, அம்மாக்கள் தலையில் சுமந்துகொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் கிளம்பின பிறகுதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஈரக் காலோடு ஓடிவருவார்கள். பதினோரு மணிக்குத்தான் வகுப்பு நிறையும். டீச்சர் அதற்கப்புறம்தான் பதிவேட்டை எடுப்பார். வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையை வரவில்லை என்று எப்படி எழுதுவது என்பது அவர் கேள்வி. பத்து மணிக்கு விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அதை யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

பதிவேட்டில் எல்லோரும் வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பதிவேடு அவருக்குப் போதவில்லை. எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதும் எங்காவது இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார். ‘கன்னியம்மா, பத்தே முக்கால், அப்பா மரம் வரத் தாமதம்.’ ‘சேகர், பதினொன்று, தம்பிக்குக் காய்ச்சல், அம்மா வரும்வரை பார்த்துக்கொண்டான்.’ ‘காத்தவராயன், பதினொன்றே கால், பொய் சொல்கிறான், கோலி விளையாடினான்.’ ஆறு வருஷத்துக்கு, ஒரு நாள் விடாமல். இன்ஸ்பெக்டர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அதனால் அவர்களிடம் காட்டியதுமில்லை.

பேராசிரியர் கேட்டார். “பிள்ளைகள் உண்மையில் எப்போது வருகிறார்கள் என்று உங்களுக்கு ஏதாவது தோராயமாகத் தெரியுமா?”

“தோராயமா இன்னாத்துக்கு சார்?” என்று நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

பேராசிரியர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இது தங்கம்” என்றார் என்னிடம். “இந்தத் தேசத்தில் வேறு எங்கேயும் இப்படி ஒன்று இருக்காது.” அது வாஸ்தவம்தான்.

இரண்டு மாதம் அந்த வகுப்பின் மூலையில் உட்கார்ந்து நான் அந்த நோட்டுகளைப் பிரதி எடுத்தேன். பேராசிரியரின் முறைப்படி எதையும் ஒரே ஆதாரத்தைக்கொண்டு எழுதக்கூடாது, இரண்டை ஒப்பிட வேண்டும். ஆகவே ஒரு தாளில் கோடு போட்டு, இடது பக்கம் பதிவேட்டுப்படி வந்தவர்கள், வலது பக்கம் நோட்டுப்படி மணி அடித்தபோது இருந்தவர்கள் என்று நாளுக்கு நாள் எழுதினேன். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது எனக்கு மூன்றாம் நாளே உறைத்தது. இந்தத் தாள் ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் உறைத்தது. ஆனால் கோடு நேராக இருந்தது, எண்கள் அழகாக வந்தன, பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு என்மேல் உள்ள கோபம் அந்த மூன்றாம் நாளில்தான் போய் நிற்கிறது.

பரீட்சை நெருங்கியதும் பயிற்சி மாணவர்கள் படங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வருஷம் முடியவில்லையே என்று டீச்சர் கேட்டதற்கு, அவர்களுடைய வருஷம் முடிந்துவிட்டது என்று நான்தான் விளக்கினேன். அறிக்கை தயாரானது. ஏற்பாட்டின்படி ஒரு பிரதி கல்வி ஆபீசுக்குப் போனது. அதன் கடைசிப் பகுதியில், இந்தப் பள்ளிக்கு ஐந்தாம் வகுப்பை நிரந்தரமாக்க வேண்டும், கடலோரப் பள்ளிகளில் மணி அடிக்கும் நேரத்தையே மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் சத்தியமாக எழுதியிருந்தார். சொன்ன சொல் தவறவில்லை.

ஆபீசில் கடைசிப் பகுதியை யாரும் படிக்கவில்லை. என் தாளைப் படித்தார்கள்.

பொய் வருகை எழுதியதாக விசாரணை வந்தது. மணி அடித்தபோது இருந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் ஐந்தாம் வகுப்பு வைத்துக்கொள்ள அந்தப் பள்ளிக்குத் தகுதியே இல்லை என்றும் கடிதத்தில் இருந்தது. நான் அலறியடித்துக்கொண்டு ராயபுரத்துக்கு ஓடினேன்.

“டீச்சர், அந்த நோட்டில் இருக்கிறது எல்லாம் குத்துமதிப்பாக எழுதியது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைப் பயமுறுத்த எழுதியது என்று சொல்லுங்கள். போதும், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.”

“குத்துமதிப்பா எழுதலையே தம்பி. கடியாரத்தைப் பாத்துத்தானே எழுதினேன்?”

“எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே!”

“கேப்பாங்களே” என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலில் விழுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு, “நாஷ்டா துண்ணீங்களா?” என்று கேட்டார்.

விசாரணை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அறிக்கையைத் தயாரித்தவன் என்ற முறையில் என்னையும் ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். அதிகாரி நோட்டை நீட்டினார். “இது உங்கள் கையெழுத்தா?”

“என்னுதுதான் சார்.”

“இதில் உள்ள நேரமெல்லாம் சரிதானா?”

“சரிதான் சார்.” பிறகு டீச்சர் என் தாளை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. எனக்கு ஒரு நப்பாசை, ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டார், தப்பித்துவிடுவார் என்று.

“இதுல ஒரு நாள் விட்டுப்போயிருக்குது சார். தம்பி அசந்துட்டாரு போல கீது. புயல் எச்சரிக்கைக்கு மறுநாள். அன்னிக்குப் பதினோரு பேரு லேட்டு.”

அதிகாரி தலையைக் குனிந்து அதையும் எழுதிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் சங்கடமாக இருந்தது என்றுதான் தோன்றியது. வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் என்ன சார் செய்ய? சாதாரண ஆள் எழுதியிருந்தால் அமுக்கியிருப்பேன். பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. இதை அமுக்கினால் என் தலை போய்விடும்” என்றார்.

நான் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். உடனே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார், பாதி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். “நாம் நம் கருத்தை அறிக்கையில் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் அவர்கள் நிர்வாகத்தில் பல்கலைக்கழகம் தலையிட்டால், அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நம்மை விடமாட்டார்கள்” என்றார். “நீ யோசித்துப் பார்.” யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதிகாரி சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் டிராமில் போய்வந்துகொண்டே இருந்ததுதான் நான் செய்தது.

டீச்சருக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். அந்த உத்தரவு வந்த அன்று நாள் முழுக்க அவர் பாடமே நடத்தவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பள்ளி திறந்த முதல் வாரம் கடைசியாக ஒரு தடவை போனேன். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் போனேன். வகுப்பில் டீச்சர் நாலாவது முடித்த பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக்கொண்டிருந்தார், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளினார். நான் உட்காரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாவின் அப்பா மகளோடு உள்ளே வந்தார். டி.சி.யை வாங்கி, எழுத்துக் கூட்டத் தெரியாதவர் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார்.

“டீச்சரம்மா, நீ சொல்லு. லைனைத் தாண்டி அனுப்பலாமா? பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? நீ ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே அனுப்பறேன்.”

ஒரு வார்த்தைதான். உலகத்தில் எந்த வாத்தியாரும் யோசிக்காமல் சொல்லியிருப்பார். டீச்சர் என்னைப் பார்த்தார், டி.சி.யைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் பார்த்ததில்லை. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“அத நான் எப்பிடிச் சொல்றது நைனா? வண்டி போய்கினு வந்துகினு கீதே.”

“ஒன்றும் ஆகாதுங்க” என்றேன் நான். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “எத்தனையோ பிள்ளைகள் போகிறார்கள். தைரியமாக அனுப்புங்கள்.”

கன்னியம்மாவின் அப்பா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

“நீ யாரு சார்? மூலையில குந்திகினு எய்திகினு இருப்பியே, அந்த ஆளா? நாளைக்கு நீ வந்து கையப் புடிச்சி இட்டுகினு போவியா?”

நாளைக்கு நான் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேறொரு கேள்வித்தாளோடு இருக்க வேண்டும். பேராசிரியர் பெரம்பூர்ப் பக்கம் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த மனிதர் டி.சி.யை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். கன்னியம்மா மட்டும் போகவில்லை. பெரியவர்கள் பேசியது அவளுக்கு முழுசாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் தாமதமாக வருவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. டீச்சரின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், நாளையிலேர்ந்து நா கரைக்கே போவல. பத்து மணிக்கு முன்னயே வந்துட்டா அஞ்சாவது இங்கியே வெச்சிக்குவீங்களா?”

கேட்டால் சொல்லிவிடுகிற அந்த அம்மாள், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.